சுங்கை சிப்புட்டில் ஜான் ஆபிரகாம்: நான்கு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள், வெள்ளிக்கிழமை

ஈப்போ நிலையத்தில் இறங்கியபோது பிற்பகல் மணி ஒன்று. கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம் குளிரூட்டிய தொடர்வண்டியில் உட்கார்ந்து வந்தவனுக்கு வெளியில் நின்ற வெக்கை ஒரு சுவர்போல் இருந்தது. அழைத்துப் போக வந்திருந்த வாத்தியார் என் பையை வாங்கிக்கொண்டே, "படம் இதுக்குள்ளதான இருக்கு?" என்று கேட்டார். உள்ளங்கையளவு வன்தட்டில் இருக்கிறது என்றேன். "எங்க காலத்துல ஒரு படத்துக்கு ஒரு வேன் வேணும், தம்பி" என்று சொல்லிவிட்டுப் பையை எடைபோடுவதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

அந்த வன்தட்டில் இருப்பது, ஜான் ஆபிரகாம் என்ற திரைப்பட இயக்குநரைப் பற்றிக் கோயம்புத்தூரில் நாங்கள் நால்வர் மூன்று ஆண்டுகளாகத் தொகுத்து முடித்திருக்கும் 84 நிமிட ஆவணப்படம். தமிழ் விவரணையும் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளும் என் பொறுப்பு. பெயரைக் கேட்டதும் இந்தி நடிகரை நினைத்துக்கொள்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. 1937ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்த இவர், பெல்லாரியில் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் கிடைத்த நிலையான வேலையை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய், அங்கே வங்க இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் பாடம் கேட்டு, தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்து, இந்தி இயக்குநர் மணி கௌலிடம் உதவி இயக்குநராக இருந்தவர். அதன்பிறகு 1972க்கும் 1986க்கும் இடையில் எடுத்த முழுநீளப் படங்கள் நான்கே நான்கு. அவற்றில் ஒன்று தமிழ்ப்படம். 1977இல் வந்த 'அக்ரகாரத்தில் கழுதை'. விமர்சகர் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்த அந்தப் படம் தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தூர்தர்ஷன் அதை ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. தமிழில் இப்படி ஒரு படம் உண்டு என்பதே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

சுங்கை சிப்புட், ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். ஈப்போவை விட்டு நீங்கும்வரை சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் செங்குத்தாக நின்று துணைக்கு வந்தன. அதன்பிறகு செம்பனைதான், அதாவது எண்ணெய்ப்பனை. இந்தச் சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் பால்மரங்கள் என்னும் ரப்பர் மரங்கள் நின்றன என்று வாத்தியார் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்ததும் பாடம் நடத்தியதும் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில்தான். சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை என்று அவர் பொருள் சொன்னதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 1948 ஜூன் 16ஆம் நாள் இந்த ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளையர் அரசு அறிவித்த அவசரகாலம் பிறந்தது. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்ததும் இதே ஊரில். இவ்வளவு வரலாற்றைச் சுமக்கும் ஊர் என்று பார்த்தால் தெரியவில்லை. ஒரு பெரிய வீதி, பழைய இரண்டு மாடிக் கடைவீடுகள், மளிகைக் கடையும் பூக்கடையும், மாலையானதும் வரிசையாகத் திறக்கும் ஒட்டுக்கடைகள்.

இரவு தோசையும், தே தாரிக் என்னும் இழுத்த தேநீருமாகச் சாப்பிட்டபடி, எங்கள் படத்தின் முதல் பன்னிரண்டு நிமிடங்களைப் பற்றி வாத்தியாரிடம் பெருமையாகப் பேசினேன். ஜானின் நண்பர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக வந்து அவருடைய குடியையும் ஊர்சுற்றலையும் கடைத்திண்ணைத் தூக்கத்தையும் நள்ளிரவில் கதவைத் தட்டிக் கடன் கேட்டதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் பகுதி அது. படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று நாங்கள் நால்வரும் நம்புகிறோம். வாத்தியார் தலையாட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. "பால்மரம் வெட்டுற காலமா இருந்தா இன்னைக்கு யாருக்கும் சம்பளம் இல்லை" என்றார் வாத்தியாரின் மனைவி. இருள் பிரியாத குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் வெட்டுக்காரர்கள் அந்த நேரத்திலேயே மரத்தடியில் நிற்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டிய கோட்டில் பால் நில்லாமல் வழிந்துவிடும். பால் பிடிக்கும் மங்கில் விழுவதிலும் தண்ணீர் கலந்துவிடும். மழையைப் பார்த்ததும் கூலியை நினைக்கிற பழக்கம், பால்மரங்கள் போய்ப் பல ஆண்டுகளான பின்னும் அந்த அக்காவிடம் அப்படியே இருக்கிறது.

படம் காட்டுவதற்காக நகரத்தில் ஒரு மண்டபத்தை முன்பே பேசி வைத்திருந்தார்கள். பத்து மணிக்குப் போனால் பூட்டு. சாவி வைத்திருப்பவர் வெளியூரில். பதில் சொல்ல ஆளில்லை. நான் பதறியதில் கால்பங்குகூட வாத்தியார் பதறவில்லை. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி அவர் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் திடல் இருக்கிறது, வெள்ளைத்துணி இருக்கிறது, அங்கேயே காட்டிவிடலாம் என்று வண்டியைத் திருப்பினார்.

அந்தத் தோட்டத்தில்தான் கிராணியாரைச் சந்தித்தேன். வயது 86. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வெள்ளைச் சட்டையின் மேல்பொத்தான் வரை போட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனாக்களுடன் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். திடலில் படம் காட்டப் போகிறோம் என்றதும், அந்தத் திடலில் இதற்குமுன் காட்டப்பட்ட படங்களின் வரலாற்றைத் தொடங்கிவிட்டார். அவசரகாலத்தில் தகவல் இலாகா வேன் வந்து அரசாங்கப் படங்களைக் காட்டியது. பின்னாளில் சம்பளம் போட்ட வாரத்தில் தமிழ்ப்படம் வந்தது. மழைக்கும் காற்றுக்கும் நடுவே இரண்டு கம்பங்களுக்கிடையில் துணியை இழுத்துக் கட்டுவார்கள். முன்பக்கம் இடம் பிடிக்க முடியாதவர்கள் திரைக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும்.

"என் வீட்டுக்காரி தோட்டத்துல எப்பவும் பின்பக்கம் உட்கார்ந்துதான் படம் பார்த்திருக்கா. கல்யாணமாகி டவுன்ல தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறவரைக்கும் எம்ஜிஆர் இடதுகைக்காரர்னுதான் நெனச்சிருந்தா" என்றார் கிராணியார். சிரிக்காமல் சொன்னார்.

மாலை மழை விட்டது. துணியின் கீழ்முனைகள் இரண்டிலும் செங்கல் கட்டித் தொங்கவிட்டார்கள். எண்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பாதிப்பேர் தோட்டத்தை விட்டு நகரத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிபோனவர்கள். சனிக்கிழமை பூசைக்கென்று வந்தவர்களும் இருந்தார்கள். எட்டரை மணிக்குத் தொடங்கினோம். பழக்கம் விடாது போலும். நாற்காலிகள் காலியாக இருந்தும் ஏழெட்டுப் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி நான் எழுதிய எழுத்துகள் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சிறுவன் கழுத்தைச் சாய்த்து அதையும் வாசிக்க முயன்றுகொண்டிருந்தான்.

முதல் பன்னிரண்டு நிமிடங்களில் நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. நண்பர்கள் திரையில் ஜானின் குடியைச் சொல்லிச் சிரித்தபோது திடலில் சிலர் எழுந்து தேநீர்ப் பானையைப் பார்க்கப் போனார்கள். ஒலிபெருக்கியில் கோளாறோ என்றுகூட நினைத்தேன். கழுதை வந்ததும் நிலைமை மாறியது. ஊராரால் தாய் கொல்லப்பட்ட ஒரு கழுதைக்குட்டியைப் பிராமணப் பேராசிரியர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். கல்லூரி அவரை எள்ளி நகையாடுகிறது. சொந்த ஊரின் அக்ரகாரத்தில் கொண்டுபோய் விட்டால், அங்கே நடக்கும் ஒவ்வொரு கெடுதலுக்கும் கழுதைதான் காரணம் என்று பழி விழுகிறது. கோயில் வாசலில் கிடந்த இறந்த சிசுவுக்கும் அதன்மேலேயே பழி. அடித்துக் கொல்கிறார்கள். கொன்றபின் நல்லது நடப்பதாகத் தோன்றவே, அதற்கே கோயில் கட்டப் புறப்படுகிறார்கள். நாங்கள் காட்டிய துண்டுக்காட்சிகள் நான்கே நிமிடம். திடலில் செருப்புச் சத்தம்கூட இல்லை.

கடைசிப் பகுதி 'அம்ம அறியான்'. ஜானும் நண்பர்களும் 1984இல் ஒடெசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, பறையடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, மக்களிடம் சில்லறையாகத் திரட்டிய பணத்தில் 1986இல் எடுத்த படம். டெல்லிக்குப் படிக்கப் புறப்பட்ட புருஷன் என்ற இளைஞன் வயநாட்டு வழியில், தூக்கில் தொங்கிய ஒரு பிணத்தைப் பார்க்கிறான். தன் பயணத்தை விட்டுவிட்டு, இறந்தவன் யார் என்று தேடி, அவனுடைய தாயிடம் செய்தி சொல்லக் கொச்சி நோக்கிப் போகிறான். போகிற வழியில் இறந்தவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, கடைசியில் ஒரு பெருங்கூட்டமே அந்தத் தாயின் வாசலுக்கு வந்து சேர்கிறது. ஒரு தலைமுறையின் தோல்வி, அரசியல் கூட்டுமனம் என்றெல்லாம் இந்த இடத்துக்கு நான் ஒரு பக்க அளவில் விவரணை எழுதியிருந்தேன். அது ஓடிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கேதம் சொல்லப் போறாங்க."

என் ஒரு பக்கத்துக்கு அதற்குமேல் வேலை இல்லை.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

நேற்றிரவே எழுதி முடித்துவிட்டுப் படுத்தேன். ஆனால் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இன்று காலையில்தான் கிடைத்தது. கோயில் திண்ணையில் பசியாற உட்கார்ந்தோம். இங்கே காலைச் சிற்றுண்டியைப் பசியாறுதல் என்கிறார்கள். நம்மூரில் நாம் தொலைத்துவிட்ட சொல்.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒரு பெண் முதல் கேள்வியைக் கேட்டாள். "அக்ரகாரம்னா என்ன, அங்கிள்?" கழுதையையும் அவள் நேரில் பார்த்ததில்லை. பிராமணர் வாழும் தெரு, கோயிலை ஒட்டி இருக்கும், மற்றவர் உள்ளே வர அனுமதி இருக்காது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். பாடப்புத்தகம்போல் இருந்தது எனக்கே. வாத்தியார் குறுக்கிட்டு, திடலுக்கு எதிரே இருந்த மேட்டைக் காட்டினார். உச்சியில் துரை பங்களா, நடுவில் கிராணிமார் வீடுகள், அடியில் தொழிலாளர்களின் லயங்கள். தோட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நொடி அந்த மேட்டைப் பார்த்தவள், "அப்ப, கழுதையக் கொண்டுபோய் துரை பங்களாவுல கட்டுன மாதிரியா?" என்றாள். கிராணியார் அந்த நடுவரிசை வீடுகளில் ஒன்றில் முப்பது ஆண்டுகள் இருந்தவர். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேதம் என்று சொன்ன பாட்டியும் வந்திருந்தார். கழுதையை அடித்த காட்சி இரவெல்லாம் தூங்கவிடவில்லை என்று தொடங்கி, தன் பசுவின் கதைக்கு வந்துவிட்டார். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலம். லயத்தில் பலரும் மாடு வளர்த்தார்கள். இளங்கன்றுகளின் குருத்து நாள்தோறும் கடிபட்டுக் கிடக்கவே, நிருவாகம் மாடுகளின்மேல் குற்றம் சுமத்தியது. ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்தச் சொல்லித் தாள் வந்தது. பாட்டி தன்னுடைய லெட்சுமியை வந்த விலைக்கு விற்றார். அது லாரியில் ஏற மறுத்துப் பின்னங்கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டதையும், மண்ணில் பதிந்த அந்த இரண்டு குழிகளில் மறுநாள் மழைத்தண்ணீர் நின்றதையும் அவர் கையால் அளவு காட்டிச் சொன்னார். மாடுகள் போன பின்னும் குருத்துகள் கடிபட்டுக்கொண்டேதான் இருந்தன. தின்றது முள்ளம்பன்றி. இளஞ்செம்பனையின் குருத்துக்கு முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் வருவது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும் என்று கிராணியாரும் ஒத்துக்கொண்டார். "தெரிஞ்சவங்க அன்னைக்கு வாயத் தொறக்கல" என்றார் பாட்டி, யாரையும் பார்க்காமல். 'அக்ரகாரத்தில் கழுதை' பற்றி நான் படித்த கட்டுரைகளில் பலவற்றைவிட இது அந்தப் படத்துக்கு நெருக்கமாக இருந்தது.

அதன்பிறகு கிராணியார் பேசினார். குடித்தவர் கதை எதற்கு அவ்வளவு நீளம் என்பது அவருடைய முதல் கேள்வி. "தம்பி, தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வச்சிருந்தாங்க. சம்பளத்தன்னைக்குக் கூட்டம் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும், நான்தான் சம்பளம் போட்டவன். கள்ளு போய் சம்சுன்னு சாராயம் வந்துச்சு. குடிச்சு விழுந்தவங்க கதை எங்ககிட்ட வேண்டிய மட்டும் இருக்கு. அதைக் கேக்கவா நாங்க மழையில உட்கார்ந்தோம்?"

நான் பதில் சொல்ல முயன்றேன். ஜானின் வாழ்வையும் படைப்பையும் பிரிக்க முடியாது. 1987 மே மாத இறுதியில் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து தம் 49ஆவது வயதில் இறந்த ஒருவரின் கதையில் குடியை மறைப்பது பொய்யாகிவிடும் என்றேன். மறைக்கச் சொல்லவில்லை, கொண்டாட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. கேரளத்தில் ஜான் ஒரு தொன்மமாகவே ஆகிவிட்டார். அந்தத் தொன்மத்துக்குத் தீனி போடுவது எளிது. நண்பர்களும் அதையே சொல்ல விரும்புகிறார்கள். ஒலிவாங்கியை நீட்டினால் போதும், அருவிபோல் கொட்டும். 'செறியாச்சன்டெ க்ரூர க்ருத்யங்ஙள்' படத்தில் குட்டநாட்டு நிலக்கிழார் ஒருவர், விவசாயத் தொழிலாளர்களைக் காவல்துறை ஒடுக்குவதைக் கண்டு குற்றவுணர்வில் பித்துப்பிடித்துத் தென்னைமரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறாரே, அவராக நடித்த அடூர் பாசியிடம் ஜான் அந்த அச்சத்தை எப்படி வரவழைத்தார் என்று நாங்கள் எவரிடமும் கேட்கவில்லை. குடித்த இரவுகளைக் கேட்டோம்.

இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். "அந்த ஒடெசாக்காரங்க ஊர் ஊராப் பணம் வாங்குனாங்களே, ரசீது கொடுத்தாங்களா? யாரு பேரேடு எழுதுனது? படம் எடுத்து மிச்சம் இருந்துச்சா, கடன் நின்னுச்சா?"

84 நிமிடப் படத்தில் பறையடிக்கும் காட்சி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, உணர்ச்சி ததும்பும் என் விவரணை இருக்கிறது. கணக்கு இல்லை. ஒடெசாவுக்கு நாங்கள் கொடுத்தது மொத்தம் மூன்றரை நிமிடம்.

அவர் ஏன் கேட்டார் என்பது பிறகு விளங்கியது. 1957இல் விடுதலை வந்ததை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். நிலம் கைமாறியதும் வெட்டுக்காரருக்கு வேலையும் போகும், லயத்து வீடும் போகும். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் இங்குள்ள முதியவர்கள் ஒரு கொள்ளைநோயின் பெயரைச் சொல்வதுபோல் அதைச் சொல்கிறார்கள். தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் சம்பந்தன் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அன்று இளைஞராக இருந்த நம் கிராணியார், சம்பள நாளில் மேசைபோட்டு உட்கார்ந்து, பங்குத் தவணை கட்டியவர்களுக்குப் பெயரெழுதிக் கொடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாத வெட்டுக்காரர்கள் அந்தத் தாளை மடித்து, பால்கறை ஒட்டாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்களாம். "பணம் கொடுத்தவன் கையில ஒரு தாள் இருக்கணும். அப்பத்தான் தோட்டம் அவனோடது. இல்லன்னா அது நன்கொடை" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மாலை முழுவதும் மனத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'அம்ம அறியான்' படத்துக்குச் சில்லறை போட்ட மலபார்க்காரர் ஒருவர், படம் தன் ஊருக்கு வந்தபோது அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பார்த்தாரா? அவரைத் தேடிப் பேசியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

நான்காம் நாள், திங்கட்கிழமை

காலையிலேயே கோயம்புத்தூருக்குப் பேசினேன். படத்தொகுப்பு செய்யும் நண்பனுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தை ஒன்றரை நிமிடமாக்கினால் படத்தின் தொடக்கமே செத்துவிடும், விழாக்களில் யார் எடுப்பார்கள் என்று கத்தினான். விழாக்களைப் பற்றி அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கழுதையிலிருந்து தொடங்குவோம், கோழிக்கோட்டுக்கு மறுபடி போவோம், இம்முறை நண்பர்களை விட்டுவிட்டுக் காசு கொடுத்தவர்களைத் தேடுவோம் என்றேன். ஊருக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டான். 'அம்ம அறியான்' பகுதியில் என் விவரணையை முழுவதுமாக நீக்கச் சொல்ல மறந்துவிட்டேன். இன்றிரவு எழுதி அனுப்ப வேண்டும்.

புறப்படும்போது வாத்தியார் மறுபடியும் தோட்டத்துப் பக்கமாகவே வண்டியை விட்டார். கிராணியார் திண்ணையில் ஒரு பிஸ்கட் டின்னோடு காத்திருந்தார். சனிக்கிழமை இரவு திடலில் அது சுற்றி வந்தது எனக்குத் தெரியாது. டின்னைக் கவிழ்த்து, நோட்டுகளை ஒரு பக்கமும் சில்லறையை ஒரு பக்கமுமாகப் பிரித்து, இரண்டு முறை எண்ணினார்: 186 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு. வேண்டாம் என்று நான் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மடியில் ரசீதுப் புத்தகம். தாள்களுக்கிடையில் கார்பன் வைத்து, என் பெயரைக் கேட்டு எழுதி, தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். "எந்த வகையில?" என்று நிமிர்ந்து பார்த்தார். படம் காட்டிய வகையில் என்றேன். சற்று யோசித்துவிட்டு, 'படம் திருத்தும் செலவுக்கு' என்று எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். முதல் தாளை அவர் கிழித்து வைத்துக்கொண்டார். நகல் என்னிடம் இருக்கிறது.